மனக்குரலை எழுதும்போது சறுக்கும் இடங்கள்

‘இவன் ஏன் இன்னும் போகவில்லை?’ என்று மனதிற்குள் நினைத்துக்கொண்டாள் மாலதி.

இப்படி ஒரு வரியை நாம் எல்லோருமே எழுதியிருப்போம். மேற்கோள்குறி ஒன்று, ‘என்று நினைத்துக்கொண்டாள்’ ஒன்று, ‘மனதிற்குள்’ ஒன்று என ஒரே விஷயத்தை மூன்று முறை சொல்லியாயிற்று. நினைப்பு மனதிற்குள் அல்லாமல் வேறெங்கே நடக்கும்? இதோடு சாய்வெழுத்தும் சேர்ந்தால் மாலதியின் பயம் பின்னுக்குப் போய், அலங்காரம்தான் கண்ணில் படும்.

ஓலைச்சுவடிகளில் மேற்கோள்குறியே கிடையாது. சொன்னதும் நினைத்ததும் எங்கே முடிகின்றன என்பதை ‘என’, ‘என்று’ என்ற சொற்களே காட்டின. குறிகளெல்லாம் அச்சோடு வந்தவை. தமிழுக்கு இந்த வேலையைச் செய்யச் சொல்லே இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது.

ஆனால் அந்தச் சொல் வரியின் கடைசியில்தான் வரும். இங்கேதான் பெரிய தவறு நடக்கிறது. “நீ பொய் சொல்கிறாய்” என்று ரவி நினைத்தான். பேச்சுக்குப் போடும் இரட்டைக் குறியையே நினைப்புக்கும் போட்டதால், ரவி வாய்விட்டுச் சொல்லிவிட்டான் என்றே படித்துப் போகிறோம். கடைசிச் சொல்லில் தடுக்கி, திரும்ப வந்து படிக்க வேண்டியிருக்கிறது. பேச்சுக்கு இரட்டைக் குறி, நினைப்புக்கு ஒற்றைக் குறி என்று வைத்துக்கொண்டு கதை முழுக்க மாற்றாமல் இருங்கள். நினைப்பு நாலு வரி நீளும் என்றால், ‘ரவிக்குச் சந்தேகம் வந்தது’ என்று முதலிலேயே சொல்லிவிடுவது இன்னும் நல்லது.

சாய்வெழுத்தை நான் சிபாரிசு செய்வதில்லை. பல தமிழ் எழுத்துருக்களில் தனிச் சாய்வு வடிவம் இல்லை. நேரெழுத்தையே மென்பொருள் சாய்த்துக் காட்டுகிறது. ஒரு வரிக்குப் பரவாயில்லை, ஒரு பத்தி முழுக்க என்றால் கண் வலிக்கும். வேறொரு இடத்தில் வெட்டி ஒட்டும்போது சாய்வு காணாமல் போவதும் உண்டு. அப்புறம் எது நினைப்பு, எது கதை என்றே தெரியாது.

அடுத்தது ‘நான்’, ‘தான்’, ‘அவன்’ குழப்பம். ‘அவனால் இனி ஜெயிக்க முடியாது’ என்று முருகன் நினைத்தான். யாரால்? இன்னொருவன் வந்துவிட்டான் என்று தோன்றுகிறது. குறிக்குள் எழுதினால் ‘என்னால் இனி ஜெயிக்க முடியாது’. குறி வேண்டாம் என்றால், தன்னால் இனி ஜெயிக்க முடியாது என்று முருகனுக்குத் தோன்றியது. ‘தன்’ என்ற ஒரு சொல் குழப்பத்தையே தீர்த்துவிடுகிறது.

உரையாடலைப் பேச்சுவழக்கில் எழுதிவிட்டு அதே ஆளின் நினைப்பைச் செந்தமிழில் எழுதினால், உள்ளே வேறு யாரோ குடியிருப்பது போல ஒலிக்கும். ஒரே பத்தியில் இரண்டு பேர் மனதுக்குள்ளும் புகுந்து வருவதும் வேண்டாம்.

சரி, குறியும் வேண்டாம், ‘நினைத்தாள்’ என்பதும் வேண்டாம் என்றால்?

கதவு மறுபடியும் தட்டப்பட்டது. மாலதி அசையவில்லை. இவன் ஏன் இன்னும் போகவில்லை? விளக்கை அணைத்திருக்கலாம்.

கடைசி இரண்டு வரியும் அவள் நினைப்புதான் என்று சொல்லாமலே தெரிகிறது. ‘இவன்’ என்பதை ‘அவன்’ என்று மாற்றிப் படித்துப் பாருங்கள், கதைசொல்லி எட்ட நின்று கேட்பது போல ஆகிவிடும்.