ஃபிஃப்த் வீல் டிரெய்லர் எத்தனை அடியில் வாங்கலாம்? கேம்ப்கிரவுண்டிலிருந்து தொடங்கும் கணக்கு

பிக்கப் டிரக்கின் பின்பெட்டிக்குள் மாட்டி இழுக்கும் வீட்டு டிரெய்லர்தான் ஃபிஃப்த் வீல். அதை வாங்குகிறவர்களில் பலர் நீளத்தை ஷோரூமிலேயே முடிவு செய்துவிடுகிறார்கள். உள்ளே ஏறி, சமையல் மேடையைப் பார்த்து, பிள்ளைகளுக்குத் தனிப் படுக்கை இருக்கிறதா என்று பார்த்து, 40 அடி வண்டிக்கு முன்பணம் கட்டிவிடுகிறார்கள். நெடுஞ்சாலையை ஒட்டிய தனியார் கேம்ப்கிரவுண்டுகளில் (முகாமிடங்களில்) மட்டும் தங்குவதென்றால் அதனால் பெரிய சிக்கல் இல்லை. ஆனால் அமெரிக்கத் தேசியப் பூங்காக்களுக்குள்ளே, மரங்களுக்கு நடுவே தங்குவதற்காகத்தான் வண்டியே வாங்குகிறீர்கள் என்றால், எங்கே தங்கப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். வண்டியைப் பிறகு பார்க்கலாம்.

டிரக், ஹிட்ச் (டிரெய்லரை மாட்டும் இணைப்பு), எடைக் கணக்கு எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு நேராக நீளத்துக்கு வருகிறேன்.

படி 1: ஆசைப்பட்ட இடங்களின் பட்டியல்

அடுத்த சில ஆண்டுகளில் தங்க விரும்பும் இடங்களை எழுதி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் அங்கே அனுமதிக்கப்படும் டிரெய்லர் நீளத்தைக் குறியுங்கள். பூங்காவின் பெயரை மட்டும் எழுதினால் போதாது. கேம்ப்கிரவுண்டின் பெயர் வேண்டும். யோசெமிட்டி பள்ளத்தாக்கில் அப்பர் பைன்ஸில் டிரெய்லருக்கு 24 அடிதான் உச்சவரம்பு. அதே பள்ளத்தாக்கில் உள்ள லோயர் பைன்ஸிலும் நார்த் பைன்ஸிலும் 35 அடி வரை போகலாம். கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்பில் மேத்தர் கேம்ப்கிரவுண்ட் 30 அடியோடு நிறுத்திவிடுகிறது. பக்கத்திலேயே இருக்கும் டிரெய்லர் வில்லேஜில் 50 அடி வரை இடமுண்டு. சில இடங்களில் பாதையே தடை. டெக்சஸின் பிக் பெண்ட் பூங்காவில் சிசோஸ் பேசினுக்கு ஏறும் மலைப்பாதையில் 20 அடிக்கு மேற்பட்ட டிரெய்லர் வேண்டாம் என்று பூங்கா நிர்வாகமே சொல்கிறது.

ஏன் இத்தனை குறுகலாகக் கட்டினார்கள் என்று எரிச்சல் வரலாம். காரணம் தெரிந்தால் எனக்கு அந்த இடங்கள் மேல் மரியாதைதான் கூடுகிறது. கார்கள் கண்டபடி ஓடி மண்ணை இறுக்கினால் மரத்தின் வேர்கள் சாகும் என்பதை மைனெக்கி என்ற தாவரநோய் அறிஞர் எடுத்துக்காட்டினார். ஒருவழி வளையச் சாலை, ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு சிறு கிளைத்தடம், தடத்தைத் தாண்டாதபடி பாறையும் மரக்கட்டையும் என்று 1930களின் தொடக்கத்தில் அவர் வகுத்த அமைப்பைத்தான் இன்றும் பல பூங்காக்களில் பார்க்கிறோம். அன்றைய காருக்கும் கூடாரத்துக்கும் அளந்து போட்ட தடம் அது. உங்கள் டிரெய்லர் அதற்குள் அடங்க வேண்டும்.

படி 2: உண்மையான நீளம்

மாடல் எண்ணை நம்ப வேண்டாம். பெயரில் 28 என்று இருக்கும் வண்டி, முன்மூக்கிலிருந்து பின்பம்பர் வரை 32 அடி வருவது சாதாரணம். விற்பனைத் தாளில் மொத்த நீளம் என்று போட்டிருப்பதைப் பாருங்கள். முடிந்தால் நீங்களே அளந்துவிடுங்கள். ஏணி, பின்னால் மாட்டும் சைக்கிள் தாங்கி எல்லாம் சேர்த்துத்தான் அளக்க வேண்டும். இதற்கு 100 அடி ஃபைபர் கிளாஸ் டேப் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். லேசர் அளவியை நான் பரிந்துரைப்பதில்லை. வெயிலில் அந்தச் சிவப்புப் புள்ளி கண்ணுக்கே தெரியாது.

படி 3: டிரக்கோடு சேர்ந்த நீளம்

21 அடி டிரக், 32 அடி டிரெய்லர் என்றால் மொத்தம் 53 அடி வராது. டிரெய்லரை டிரக்கில் பூட்டும் ஆணியான கிங்பின், டிரக்கின் பின் அச்சுக்கு மேலே உட்காருவதால், டிரெய்லரின் மூக்குப் பகுதி டிரக்கின் மேல் ஏறி நிற்கிறது. சுமார் ஆறேழு அடி இப்படிக் குறையும். ஃபிஃப்த் வீலின் பெரிய வசதிகளில் இதுவும் ஒன்று. இரண்டையும் மாட்டிய நிலையில் ஒருமுறை அளந்து அந்த எண்ணை டிரக்கிலேயே ஒட்டிவையுங்கள். கலிஃபோர்னியாவில் இழுக்கும் வண்டியும் டிரெய்லரும் சேர்ந்து 65 அடியைத் தாண்டக்கூடாது என்ற சட்டத்துக்கும் இதே எண்தான் தேவைப்படும்.

படி 4: முன்பதிவுப் பக்கத்தின் எண் எதைச் சொல்கிறது?

என்னை அதிகம் திணறவைத்தது இந்தப் படி. அதனால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

பூங்கா இடங்களை முன்பதிவு செய்யும் ரெக்ரியேஷன் டாட் கவ் தளத்தில் ஒவ்வோர் இடத்துக்கும் அதிகபட்ச வாகன நீளம், வண்டி நிற்கும் தடத்தின் நீளம், நுழையும் முறை என்று தனித்தனியாகப் போட்டிருப்பார்கள். அதிகபட்ச நீளம் என்பது ஓரிடத்தில் டிரெய்லரை மட்டும் குறிக்கும். இன்னோர் இடத்தில் டிரக்கையும் சேர்த்தது. சந்தேகம் வந்தால் கேம்ப்கிரவுண்டுக்கே தொலைபேசியில் கேளுங்கள்: "டிரெய்லரைக் கழற்றிய பிறகு டிரக்கும் அதே தடத்தில் நிற்க வேண்டுமா?" இந்த ஒரு கேள்வியில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

அடுத்தது, தடத்தின் முடிவில் கிடக்கும் தடுப்புக் கட்டை. டிரெய்லரின் சக்கரம் அந்தக் கட்டையோடு நின்றுவிடும். கடைசிச் சக்கரத்துக்கும் பின்பம்பருக்கும் இடையே பல வண்டிகளில் ஏழெட்டு அடி இருக்கிறது. கட்டைக்குப் பின்னால் வெறும் தரையாக இருந்தால் அந்தப் பகுதி கட்டைக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கலாம். பாறையோ மரமோ இருந்தால் பம்பர் முதலில் முட்டும். செடிகளின் மேல் நீட்டி நிறுத்துவதைப் பல பூங்காக்கள் அனுமதிப்பதில்லை. அதிகாரப்பூர்வ வரம்பைத் தாண்டுவதற்கு இதை ஒரு தந்திரமாகப் பயன்படுத்த வேண்டாம். வரம்புக்குள் இருக்கும்போது வசதியாக நிறுத்துவதற்கான அறிவு இது.

மூன்றாவது, திருப்பம். கிங்பின் பின் அச்சுக்கு மேலே இருப்பதால், பம்பரில் மாட்டும் டிரெய்லரைவிட ஃபிஃப்த் வீல் வளைவின் உள்பக்கத்தை அதிகமாக வெட்டிக்கொண்டு வரும். நீளம் கூடக் கூட வெட்டும் கூடும். வளையச் சாலையில் நடந்து பாருங்கள். வளைவின் உள்பக்கத்து மரத்தில், ஆள் உயரத்துக்கு மேலே பட்டை உரிந்து, பிசின் கசிந்து காய்ந்த தழும்பு இருக்கிறதா? அதில் வெள்ளைப் பெயின்ட் ஒட்டியிருக்கிறதா? எந்த இணையதளத்தையும்விட அந்த மரம் சரியான தகவல் சொல்லும். நேரில் போக முடியாதவர்கள் செயற்கைக்கோள் வரைபடத்தில் அளவுகோலை வைத்துத் தடத்தையும் எதிர்ப்பக்கச் சாலை அகலத்தையும் அளக்கலாம். மரக்கிளைகள் மறைத்தால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள்.

ஒருபக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும் புல்-த்ரூ இடம் கிடைத்தால் புதியவர்கள் அதையே எடுங்கள். பின்னோக்கி நுழைக்க வேண்டியிருந்தால், பின்னால் நின்று வழிகாட்டுபவரிடம் வாக்கி-டாக்கி கொடுங்கள். பூங்காக்களில் செல்பேசிச் சமிக்ஞையை நம்ப முடியாது.

படி 5: அகலமும் உயரமும்

அறையை அகலமாக்க வெளியே தள்ளும் பகுதியான ஸ்லைடு-அவுட் வெளியே வந்தால் பக்கவாட்டில் சுமார் மூன்றடி கூடும். மின்கம்பம், மேசை, மரம் எதுவும் அந்த மூன்றடிக்குள் இருக்கக்கூடாது. ஃபிஃப்த் வீல்களில் பல 12 முதல் 13.5 அடி உயரம். தாழ்ந்த கிளைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

என் முடிவு

தேசியப் பூங்கா, மாநிலப் பூங்கா என்று சுற்ற நினைக்கும் நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு 28 முதல் 32 அடி. மேத்தர் உங்கள் பட்டியலில் இருந்தால் 30க்குள். 35ஐத் தாண்டினால் காட்டுக்குள் தங்கும் வாய்ப்பு வெகுவாகச் சுருங்கிவிடும். உள்ளே ஒரு சோபா குறைந்தாலும் பரவாயில்லை, வெளியே செக்கோயா மரம் வேண்டும் என்பது என் கட்சி.

பிற்சேர்க்கை

டிரெய்லரை முகாமில் விட்டுவிட்டு டிரக்கில் சுற்றினால் எந்தச் சிக்கலும் இல்லையே என்று ஒரு வாசகர் பின்னூட்டத்தில் எழுதியிருந்தார். மொன்டானாவின் கிளேசியர் பூங்காவில் சிக்கல் உண்டு. கோயிங்-டு-தி-சன் சாலையின் மலைப்பகுதியில் பம்பர் உட்பட 21 அடிக்கு மேலான வாகனங்களுக்குத் தடை. நான்கு கதவும் 8 அடிப் பின்பெட்டியும் கொண்ட ஃபோர்டு எஃப்-350 டிரக், டிரெய்லர் இல்லாமலே 22 அடியைத் தாண்டிவிடும். அதே டிரக்கில் குட்டைப் பெட்டி என்றால் 21க்குள் அடங்கும். ஆகவே பட்டியலில் கிளேசியர் இருந்தால் டிரக்கையும் டேப் வைத்து அளந்துவிடுங்கள்.

குட்டைப் பெட்டி டிரக் வைத்திருக்கும் இன்னொருவர், ஒடித்துத் திருப்பும்போது டிரெய்லரின் மூக்கு டிரக்கின் பின்கண்ணாடியில் இடிக்குமா என்று கேட்டிருந்தார். இடிக்கக்கூடும், குறுகிய தடத்தில் பின்னோக்கி நுழைக்கும்போதுதான் அந்த அபாயம் அதிகம். கிங்பின்னைப் பின்னால் நகர்த்திக்கொள்ளும் வகை ஹிட்ச் போடுங்கள். காலியான வாகன நிறுத்துமிடம் ஒன்றில் கூம்புகளை வைத்து, ஒருவரைப் பக்கத்தில் நிற்கச் சொல்லி, மெதுவாக ஒடித்து, மூக்குக்கும் கேபினுக்கும் எவ்வளவு இடைவெளி மிஞ்சுகிறது என்று பார்த்துவிட்டுப் பிறகு இடத்தை முன்பதிவு செய்யுங்கள்.