கடையில் குழந்தை தரையில் புரண்டு அடம்பிடித்தால்

ஒன்றரை வயதிலிருந்து நான்கு வயதுவரை அடம் சகஜம். ஆசை நிறைய, அதைச் சொல்லும் பேச்சோ கொஞ்சம். உணர்ச்சியை அடக்கும் மூளையின் முன்பகுதி முதிர இன்னும் பல வருடங்கள் ஆகும். அதனால் வீறிட்டு அழும்போது நீங்கள் சொல்லும் நியாயம் அதன் காதில் ஏறாது.

பாதி வேலை வீட்டிலேயே முடிய வேண்டும். தூங்கி எழுந்து, சாப்பிட்ட பிறகு கூட்டிப்போங்கள். கிளம்பும்போதே, "இன்னிக்கு அரிசி, சோப்பு மட்டும்தான் வாங்கறோம். பொம்மை இல்ல" என்று சொல்லிவிடுங்கள். கடை வாசலில் இன்னொரு முறை. உள்ளே போனதும் தக்காளி பொறுக்கிப் போடும் வேலையைக் கொடுங்கள்.

அப்படியும் அழுகை வெடித்தால் அதன் உயரத்துக்குக் குனிந்து, "பொம்மை வேணும்னு கோவமா இருக்கியா? இன்னிக்கு வாங்கல" என்று ஒரே தடவை சொல்லுங்கள். பிறகு பேச்சே வேண்டாம். அடித்தால், கையை மெதுவாகப் பிடித்துத் தடுங்கள். தூக்கிக்கொண்டு வெளியே அமைதியான இடத்துக்குப் போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். பெரும்பாலும் 15 நிமிடத்துக்குள் அடங்கிவிடும்.

பலரும் சறுக்குவது பத்தாவது நிமிடத்தில். ஊரே பார்க்கிறதே என்று வாங்கிக் கொடுத்தால், பத்து நிமிடம் அழுதால் கிடைக்கும் என்று குழந்தை கற்றுக்கொள்ளும். ஒருநாள் மறுத்து ஒருநாள் கொடுப்பது இன்னும் மோசம். கொடுப்பதானால் கேட்டவுடனே கொடுங்கள். உறுதியாக இருக்கத் தொடங்கிய முதல் சில நாட்கள் அழுகை கூடும். முறை தோற்றுவிட்டதாக நினைத்து அங்கேதான் விட்டுவிடுகிறார்கள். தாத்தா பாட்டியிடமும் முன்கூட்டியே பேசிவையுங்கள். பூச்சாண்டி பயம் வேண்டாம், அடியும் வேண்டாம். செல்போன் வாயை மூடும். கோபத்தை ஆற்றிக்கொள்ளக் கற்றுத்தராது.

அழுகை ஓய்ந்ததும் அணைத்துக்கொண்டு தண்ணீர் கொடுங்கள்.

சில குழந்தைகள் அழுதபடியே மூச்சை அடக்கி, உதடு நீலமாகித் துவண்டுவிடும். பார்க்கவே குலை நடுங்கும், ஆனாலும் பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் தெளிந்துவிடும். ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். உலுக்காதீர்கள், வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். ஒரு நிமிடம் தாண்டியும் தெளியாவிட்டால் 108ஐ அழையுங்கள். முதல் தடவை என்றால், தெளிந்துவிட்டாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். இரும்புச்சத்துக் குறைவு இதைத் தூண்டும் என்பதால் ரத்தப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள்.

தலையை முட்டிக் காயப்படுத்திக்கொண்டாலோ, ஐந்து வயது தாண்டியும் அடிக்கடி அடம்பிடித்தாலோ, இரண்டு வயதாகியும் இரண்டு சொல் சேர்த்துப் பேசாவிட்டாலோ குழந்தை மருத்துவரைப் பாருங்கள். காது கேட்கிறதா என்றும் சோதிக்கச் சொல்லுங்கள்.