கை நோகாம கொன்ட்ரோலர் பிடிக்கிறது எப்பிடி

வீடியோ கேம் விளையாடேக்க கனபேர் கொன்ட்ரோலரை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டுதான் விளையாடுறது, அது தேவையில்லை, உள்ளங்கையில சும்மா கிடந்தாக் காணும், நடுவிரல் மோதிரவிரல் சின்னவிரல் மூண்டும் கீழால தாங்கோணும், சுட்டுவிரல் முன்விளிம்பில அமத்துற ட்ரிகர் பட்டனுக்கு மட்டும். ஸ்டிக் எண்டுறது மேல நிக்கிற சின்னக் குமிழ், அதைப் பெருவிரல் நுனியால குத்தாதேங்கோ, சதைப்பக்கத்தால தள்ளுங்கோ.

கை வைக்கிற கதிரை இல்லாட்டி மடியில தலகணியை வைச்சு முழங்கையை அதில விடுங்கோ, மணிக்கட்டு நேரா நிக்கும். பாயில குப்புறப் படுத்து விளையாடுற ஆக்களுக்கு என்னத்தைச் சொல்ல, கழுத்தும் சேர்ந்து நோகும்.

பிளேஸ்டேஷன் 4 (பிஎஸ்4) கொன்ட்ரோலர் 210 கிராம் மட்டில, பிஎஸ்5இன்ர 280 கிட்ட, அதால மாறின புதுசில கெதியாக் களைக்கும். எக்ஸ்பொக்ஸ் கொன்ட்ரோலரில இடது ஸ்டிக் மேல இருக்கும், பிளேஸ்டேஷனில ரெண்டும் கீழ, சின்னக் கையெண்டால் கடையிலயே பிடிச்சு விரல் எட்டுதோ எண்டு பாத்து வாங்குங்கோ.

எங்கட யாழ்ப்பாண வெக்கைக்கு, அதுவும் சித்திரை வைகாசியில, ஃபானுக்குக் கீழ இருந்தாலும் கை வேர்த்து வழுக்கும், வழுக்க வழுக்க இன்னும் இறுக்குவம். பக்கத்தில ஒரு துவாய் வைச்சிருங்கோ. சிலிக்கன் கவர் வழுக்காதுதான், ஆனா வேர்வை உள்ளுக்க நிண்டு ஊத்தை பிடிக்கும், கழட்டிக் கழுவோணும். கொன்ட்ரோலர் அதிருற வைப்ரேஷனையும் செட்டிங்கில குறைச்சு விடுங்கோ. விரல் விறைச்சுக்கொண்டே இருந்தா விளையாட்டை நிப்பாட்டிப்போட்டு டொக்டரிட்டக் காட்டுங்கோ.