பி0089 வந்ததும் வால்வை மாற்றப் போகிறீர்களா?

டீசல் காரில் இன்ஜின் லைட் எரிகிறது, மேட்டில் இழுவை இல்லை, ஸ்கேனரை மாட்டினால் பி0089 என்ற கோளாறுக் கோடு. திரையிலேயே ‘ஃபியூயல் பிரஷர் ரெகுலேட்டர்’ (டீசல் பிரஷரைக் கட்டுப்படுத்தும் வால்வு) என்று வந்துவிடுவதால் பலரும் நேராக அதை வாங்கப் போய்விடுகிறார்கள். இந்தக் கோடில் அதிகம் செலவு வைக்கும் தவறு இதுதான்.

காமன் ரெயில் இன்ஜினில், அதாவது டீசலைப் பீய்ச்சும் எல்லா இன்ஜெக்டருக்கும் ‘ரெயில்’ என்ற ஒரே குழாயிலிருந்து ஹை பிரஷரில் டீசல் போகும் இன்ஜினில், இசியூ (இன்ஜின் கம்ப்யூட்டர்) ஒரு பிரஷரைக் கேட்கும். உண்மையில் எவ்வளவு இருக்கிறது என்பதை ரெயில் சென்சார் சொல்லும். ஐட்லிங்கில் சுமார் 250 முதல் 300 பார், முழு லோடில் பல வண்டிகளில் 1600 பார் வரை. ரெகுலேட்டரை எப்படி இயக்கியும் இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் 0089 பதிவாகும். கோளாறு எந்தப் பாகத்தில் என்று அது சொல்லாது. 0090, 0091, 0092 வேறு ரகம்; அவை வால்வின் மின்சுற்றைப் பற்றியவை. அங்கே முதலில் பார்க்க வேண்டியது வயரும், அதை மாட்டும் கப்ளரும்தான்.

‘அழித்துவிட்டு ஓட்டிப் பார்ப்போம்’ என்று கோடை உடனே அழிப்பதும் தப்பு. கோளாறு வந்த நேரத்தின் ஆர்பிஎம், லோடு, பிரஷர் எல்லாம் ஃப்ரீஸ் ஃப்ரேமில் இருக்கும்; கோடோடு அதுவும் போய்விடும். கூடவே 0087 இருந்தால் பிரஷர் குறைகிறது, 0088 என்றால் ஏறுகிறது. தேடும் திசையே மாறிவிடும்.

குறைகிறது என்றால் ஹை பிரஷர் பக்கம் போவதற்கு முன் டேங்கிலிருந்து பம்ப் வரை பாருங்கள். அடைத்த டீசல் ஃபில்டர், அதில் தேங்கிய தண்ணீர், ஃபில்டர் மாற்றும்போது சரியாக உட்காராத ஓ-ரிங் (ரப்பர் வளையம்). கடைசியாகச் சொன்னதுதான் ஏமாற்றும்: டீசல் வெளியே ஒழுகாது, காற்று மட்டும் உள்ளே இழுக்கும். பம்புக்குப் போகும் லைனில் ஒளி ஊடுருவும் ஹோஸ் ஒன்றைப் போட்டால் குமிழ் ஓடுவது தெரிந்துவிடும். அப்புறம் இன்ஜெக்டர் ரிட்டர்ன், அதாவது இன்ஜெக்டரிலிருந்து திரும்பி வரும் டீசல். ஒவ்வொன்றின் ரிட்டர்னையும் தனித்தனி பாட்டிலில் பிடித்தால், எது மற்றவற்றைவிட வேகமாக நிரம்புகிறதோ அந்த இன்ஜெக்டர் பிரஷரைத் தின்கிறது. பெரிய கருவி எதுவும் வேண்டாத சோதனை, ஆனாலும் நிறைய பேர் செய்வதில்லை.

சென்சார் சொல்வதையும் அப்படியே நம்பக் கூடாது. வண்டியைச் சிறிது நேரம் நிறுத்தி வைத்துச் சாவியை மட்டும் ஆன் செய்தால் ரெயில் பிரஷர் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும். முப்பது, நாற்பது பார் காட்டினால் சந்தேகம் சென்சார் மேலேயும், அதன் வயரிங் மேலேயும்.

ஓடும் இன்ஜினில் ரெகுலேட்டர் கப்ளரைக் கழற்றிப் பார்க்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. பம்பில் இருக்கும் பல மீட்டரிங் வால்வுகள் (பம்புக்குள் போகும் டீசல் அளவைக் கட்டுப்படுத்துபவை) கரண்ட் போனால் முழுதாகத் திறந்துகொள்ளும், பிரஷர் எகிறும். ரெயிலில் இருக்கும் ரெகுலேட்டரைக் கழற்றினால் பொதுவாக நேர்மாறு, வண்டி அணைந்துவிடும். எந்த வகை என்று தெரியாமல் செய்தால் முடிவைத் தப்பாகத்தான் படிப்பீர்கள். இன்ஜின் ஓடும்போது ஹை பிரஷர் பைப் நட்டைத் தளர்த்துவதோ, கசிவைக் கையால் தடவுவதோ கூடவே கூடாது. அந்த பிரஷரில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், ஆனால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய காயம் அது.

இத்தனையும் சரியாக இருந்தால் வால்வுக்கு வரலாம். மீட்டரில் ஓம் (மின்தடை) சரியாக இருப்பதால் மட்டும் வால்வு நல்லதாகிவிடாது; கம்பிச் சுருள் நன்றாக இருந்தும் உள்ளே பிஸ்டன் சிக்கலாம். கழற்றியதும் அதன் வடிகட்டியை வெளிச்சத்தில் பாருங்கள். பளபளவென்று உலோகத் துகள் இருந்தால் பம்பே தேய்கிறது என்று பொருள். புது வால்வைப் போட்டாலும் அதே துகள் அதையும் கெடுக்கும். பம்ப், லைன், டேங்க் எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டும். துகள் இல்லையென்றால் வால்வை மாற்றலாம், சில வண்டிகளில் ஸ்கேனர் வழியாகப் பழைய கற்றல் மதிப்பையும் (பழைய வால்வுக்கு ஏற்ப இசியூ நினைவில் வைத்திருப்பது) ரீசெட் செய்ய வேண்டியிருக்கும்.