அயர்லாந்து மாளிகைத் தோட்டங்களில் பலரும் செய்யும் தவறுகள்

அயர்லாந்துக் கிராமப்புறத்தின் பழைய பிரபுக்களின் தோட்டங்களுக்குப் போகிறவர்கள் முதலில் தேடுவது மாளிகையைத்தான். பாதி ஏமாற்றம் அங்கேயே தொடங்கிவிடுகிறது. விக்லோவில் உள்ள பவர்ஸ்கோர்ட் மாளிகை 1974இல் தீப்பற்றி எரிந்தது. இன்று உள்ளே இருப்பவை பெரும்பாலும் கடைகளும் உணவகமும்தான். பிர் கோட்டையில் பிரபுவின் குடும்பம் இன்னும் குடியிருக்கிறது, நினைத்தபோது உள்ளே நுழைய முடியாது. ஆனால் வெளியே வந்தால் கதை வேறு. பவர்ஸ்கோர்ட்டில் படிப்படியாக இறங்கும் தளங்களில் நின்றால் குளத்துக்கு அப்பால் சுகர்லோஃப் மலை தெரியும். பிர் பூங்காவில் மூன்றாம் ரோஸ் பிரபு 1845இல் அமைத்த தொலைநோக்கி இருக்கிறது. 1917 வரை உலகில் அதைவிடப் பெரியது இல்லை. ஆகவே நேரத்தைத் தோட்டத்துக்கும் காட்டுக்கும் ஒதுக்கிவிட்டுப் போங்கள்.

அடுத்தது, ஒரே பெயர் இருப்பதால் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும் என்று நம்புவது. 121 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பவர்ஸ்கோர்ட் அருவி, தோட்டத்திலிருந்து ஏறத்தாழ 6 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, டிக்கெட்டும் தனி. கான்னமாராவின் கைல்மோரில் ஏரியோரம் நின்று மடத்தைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறவர்கள் ஏராளம். அதன் மதில் சூழ்ந்த விக்டோரியா காலத் தோட்டம் ஒரு மைல் தொலைவில் இருப்பதே அவர்களுக்குத் தெரிவதில்லை, அங்கே போக வண்டி ஓடுகிறது என்பதும் தெரிவதில்லை. கிளென்காரிஃபுக்கு எதிரே உள்ள காரினிஷ் தீவில் படகுக் கட்டணம் வேறு, தீவில் இறங்கும் கட்டணம் வேறு. குளிர்காலத்தில் தீவு மூடியிருக்கும். டோனகலின் கிளென்வேயில் காரை வாசலிலேயே விட்டுவிட்டுக் கோட்டைவரை நடக்க வேண்டும், இல்லாவிட்டால் பேருந்துக்குக் காத்திருக்க வேண்டும். இதையெல்லாம் கணக்கில் சேர்த்தால் ஒரு நாளுக்கு இரண்டு இடமே அதிகம். போதாததற்குக் கிராமச் சாலைகள் ஒடுங்கியவை, வளைவைத் தாண்டினால் டிராக்டர் நிற்கும். சிறு கிராமச் சாலைகளில் 2025 பிப்ரவரியிலிருந்து வேக வரம்பு 60 கிலோமீட்டர்தான்.

பருவத்தைப் பார்க்காமல் கிளம்புவதும் வழக்கம். ஜூலையில் புளூபெல்லைத் தேடி வருகிறவர்கள் இருக்கிறார்கள்! ஓக் காட்டுத் தரையை அது நீலமாக்குவது ஏப்ரல் கடைசியிலிருந்து மே நடுவரைக்கும்தான். மரங்கள் முழுதாக இலைவிட்டு வெளிச்சத்தை மறைப்பதற்குள் அது பூத்து முடித்துவிடும். கார்லோவின் ஆல்டமான்ட் ஸ்னோடிராப் பூக்களுக்குப் பெயர்போனது, அதற்குப் பிப்ரவரியில் போக வேண்டும். மதில் தோட்டங்களுக்கு ஜூலை, ஆகஸ்ட் நல்லது. இலை நிறம் மாறுவதைப் பார்க்க அக்டோபர் பிற்பகுதி. வார்ட்ரி ஆற்றங்கரையில் இருக்கும் மவுண்ட் அஷர் தோட்டம் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும் என்பது என் கட்சி.

கில்லார்னியின் மக்ரோஸ் தோட்டத்தில் ரோடோடென்ட்ரான் பூத்திருப்பதை எல்லோரும் ரசிக்கிறார்கள், ரசிக்க வேண்டியதுதான். ஆனால் அப்படியே காட்டுப் பாதையில் இறங்கி, அங்கேயும் ஊதா நிறத்தில் ஒரு ரோடோடென்ட்ரான் மண்டிக் கிடப்பதைப் பார்த்து "எவ்வளவு அழகு" என்று நிற்பதில்தான் பிசகு. தோட்ட அழகுக்காகவும், பிரபுக்கள் வேட்டையாடும் பறவைகள் ஒளிந்துகொள்ள இடம் வேண்டும் என்பதற்காகவும் கொண்டுவந்து நட்ட பான்டிகம் என்ற இனம் அது. ஒரு புதரைக் கொஞ்சம் விலக்கிக் கீழே பாருங்கள். தடித்த கரும்பச்சை இலைகள் வருடம் முழுக்க உதிராமல் வெளிச்சத்தை அடைத்திருக்கும். அடியில் பாசியும் பெரணியும் அற்றுப்போய் வெறும் சருகுதான் கிடக்கும், ஓக் நாற்று ஒன்றுகூட இருக்காது. பெரிய ஓக் மரங்கள் விழும்போது அந்த இடத்துக்கு வர அடுத்த தலைமுறை இல்லை. அதனால் தேசியப் பூங்காவில் இதை வெட்டி அகற்றும் வேலை பல்லாண்டுகளாக நடக்கிறது. வெட்டிப்போட்ட குவியலைப் பார்த்துக் காட்டை அழிக்கிறார்கள் என்று எண்ணிவிட வேண்டாம். அங்கிருந்து பக்கத்தில்தான் ரீனடினா யூ மரக்காடு. சுண்ணாம்புப் பாறைமேல் மண்ணே இல்லாத மாதிரி இருக்கும். வேர்கள் பாறையைக் கவ்விப் பிடித்திருக்கும். அப்படிப்பட்ட காடு ஐரோப்பாவிலேயே அபூர்வம். யூ மரத்தின் சிவப்புப் பழம் குழந்தைகளை இழுக்கும், விதையும் இலையும் கடும் விஷம், கவனம்.

எனக்குப் பெரிய தவறாகப் படுவது வேறொன்று: இந்தத் தோட்டங்கள் யாருடைய வாடகைப் பணத்தில் எழுந்தன என்று கேட்காமலே திரும்புவது. கிளென்வே கோட்டையைக் கட்டிய ஜான் ஜார்ஜ் அடேர், அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1861 ஏப்ரலில், டெரிவேயில் 244 பேரை வீடுகளிலிருந்து வெளியேற்றினார். ராஸ்காமனின் ஸ்ட்ரோக்ஸ்டவுன் பண்ணையிலிருந்து 1847இல் பஞ்சத்தில் அடிபட்ட 1,490 குத்தகைக் குடியானவர்கள் டப்ளின்வரை நடந்தே போய்க் கனடாவுக்குக் கப்பலேறினார்கள். அந்த ஆண்டு நவம்பரில் நிலவுடைமையாளர் மஹன் சுட்டுக் கொல்லப்பட்டார். ஸ்ட்ரோக்ஸ்டவுனில் மாளிகை, மதில் தோட்டம், பஞ்ச அருங்காட்சியகம் மூன்றும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. அருங்காட்சியகத்தை முதலில் பாருங்கள். அப்புறம் தோட்டத்துக்குப் போனால் பூப்பாத்திகளைப் பார்க்கும் கண்ணே மாறிவிடும்.

மற்றவை சில்லறை விஷயங்கள். வேலி திறந்திருக்கிறதே என்று வயலுக்குள் நடக்காதீர்கள். அயர்லாந்தில் தனியார் நிலத்தில் இஷ்டப்படி நடக்கும் உரிமை கிடையாது, பல பாதைகள் விவசாயி அனுமதித்ததால் இருப்பவை. கதவு திறந்திருந்தால் திறந்தபடியும் மூடியிருந்தால் மூடியபடியும் விட்டுப் போங்கள். பலத்த காற்று எச்சரிக்கை வந்தால் பயணத்தைத் தள்ளிவையுங்கள். வயதான மரங்கள் விழும் என்பதால் இந்த இடங்களைப் பெரும்பாலும் மூடிவிடுவார்கள். உயரமான புல்லிலும் பெரணியிலும் நடந்து வந்த பிறகு கால், முழங்காலின் பின்பக்கம், இடுப்பு எல்லாம் உண்ணி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கடித்த இடத்தைச் சுற்றி நாளாக ஆகச் சிவப்பு வட்டம் விரிந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும், லைம் நோயாக இருக்கலாம்.

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டில் வருகிறவர்களுக்கு இன்னொன்று. புகழ்பெற்ற மவுண்ட் ஸ்டூவர்ட் தோட்டம் இருப்பது வட அயர்லாந்தில், அதாவது பிரிட்டனின் ஆட்சிப் பகுதியில். எல்லையில் யாரும் நிறுத்த மாட்டார்கள்தான், ஆனால் வெறும் அயர்லாந்து விசா அங்கே செல்லாது. இரு நாடுகளுக்கும் பொருந்தும் கூட்டு விசாத் திட்டம் இந்தியர்களுக்கு உண்டு. உங்கள் விசாவில் அந்தக் குறிப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அந்தப் பயணத்தைத் திட்டமிடுங்கள்.