ஊர்த் தொலைபேசி இணைப்பு கைமாறும்போது: குமரி மாவட்ட வாடிக்கையாளர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஒரு தொலைபேசி நிறுவனம் தன் கிராமப்புற இணைப்புகளை இன்னொரு நிறுவனத்துக்கு விற்கப்போகிறது என்ற பேச்சு கிளம்பியதும், "நம்பர் போய்விடுமா?" என்ற கேள்விதான் குலசேகரத்திலும் குளச்சலிலும் முதலில் எழுகிறது. பெரும்பாலும் நம்பர் போவதில்லை. கட்டிய டெபாசிட்டுக்கான சான்று, முன்பணமாகச் செலுத்திய ஆண்டுக் கட்டணம், பாதியில் நிற்கும் புகார், வீட்டுக்கு வழி தெரிந்த லைன்மேன் ஆகியவைதான் சத்தமில்லாமல் காணாமல் போகின்றன. இந்த வழிகாட்டி பெரும்பாலும் அவற்றைக் காப்பாற்றிக்கொள்வது பற்றியது.

எப்போது விழிப்பாக இருக்க வேண்டும் என்பதை அமெரிக்க அனுபவம் ஒன்று தெளிவாகக் காட்டுகிறது. வெரிசான் நிறுவனம் மெய்ன், நியூ ஹாம்ப்ஷயர், வெர்மான்ட் ஆகிய மூன்று மாநிலங்களில் இருந்த தன் தரைவழி இணைப்புகளை, தன்னைவிட மிகச் சிறிய ஃபேர்பாயின்ட் நிறுவனத்துக்கு 2008 மார்ச் இறுதியில் கைமாற்றியது. அதன் பிறகும் பல மாதங்கள் பில் போடுவது, புகார் பதிவது போன்ற பின்னணி வேலைகளைப் பழைய நிறுவனத்தின் கணினிகளே செய்துகொடுத்ததால், வாடிக்கையாளர்களுக்குப் பெரிய வேறுபாடு தெரியவில்லை. 2009 தொடக்கத்தில் புதிய நிறுவனம் தன் சொந்தக் கணினி அமைப்புக்கு மாறியபோதுதான் தவறான பில்களும், நிறைவேறாமல் தேங்கிய இணைப்பு விண்ணப்பங்களும், யாரும் எடுக்காத உதவி மைய அழைப்புகளும் ஒன்றாகச் சேர்ந்தன. அந்த ஆண்டு அக்டோபரிலேயே நிறுவனம் திவால் பாதுகாப்பு கோரி நீதிமன்றத்துக்குப் போனது. ஆகவே, விற்பனை அறிவிக்கப்படும் நாளைவிட, உங்கள் கணக்கு ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் நாளே ஆபத்தானது. செய்ய வேண்டிய வேலைகளை அந்த நாளுக்கு முன்பே முடித்துவிட வேண்டும்.

முதல் வேலை, உண்மையில் விற்கப்படுவது எது என்று அறிந்துகொள்வது. டவர் மட்டும் கைமாறினால் நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. அமெரிக்கன் டவர் நிறுவனத்தின் இந்தியக் கோபுரங்கள் 2024இல் புரூக்ஃபீல்டு என்ற முதலீட்டு நிறுவனத்தின் தரப்புக்குப் போயின. அவற்றின் வழியே பேசிக்கொண்டிருந்தவர்களின் சிம்மோ கட்டணமோ அதனால் மாறவில்லை. அரசுச் சொத்துகளைத் தனியாருக்குக் குத்தகைக்கு விட்டுப் பணம் திரட்ட 2021இல் வெளியான தேசியப் பணமாக்கல் திட்டத்தில் பிஎஸ்என்எல், எம்டிஎன்எல் நிறுவனங்களின் 14,917 கோபுரங்கள் இடம்பெற்றதும் இவ்வகைச் செய்திதான். கோபுரம் யாருடையதாக இருந்தாலும், உங்களுக்குச் சேவை தருவதாக ஒப்புக்கொண்ட நிறுவனம் அதே நிறுவனமாகவே இருக்கும்.

நிறுவனமே இன்னொன்றுடன் இணைவது இரண்டாவது வகை. டாட்டா டெலிசர்வீசஸின் மொபைல் வாடிக்கையாளர்கள் 2019 ஜூலையில் ஏர்டெல்லின் வாடிக்கையாளர்களானபோது எண்கள் மாறவில்லை. ஆனால் வாங்க ஆள் இல்லாமல் ஒரு நிறுவனம் விழுந்தால் நிலைமை வேறு. தமிழ்நாட்டில் 1999இல் தொடங்கி வளர்ந்த ஏர்செல்லின் சிக்னல் 2018 பிப்ரவரியில் திடீரென்று அடங்கியபோது, வேறு நிறுவனத்துக்கு மாறுவதற்கான குறுஞ்செய்தியைக்கூட அனுப்ப முடியாமல் மக்கள் கடைகளில் திரண்டு நின்றது பலருக்கும் நினைவிருக்கும். தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்கு அரசு தரும் ஒருங்கிணைந்த உரிமத்தின் விதிப்படி, சேவையைக் கைவிடும் நிறுவனம் அரசுக்கு 60 நாள் முன்பும் வாடிக்கையாளருக்கு 30 நாள் முன்பும் அறிவிக்க வேண்டும். இருந்தாலும் அந்த அறிவிப்புக்காகக் காத்திருப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். சிக்னல் நன்றாக இருக்கும்போதே மாறுவதுதான் எளிது.

மூன்றாவது வகைதான் நம் மாவட்டத்தில் வீட்டு வாசல் வரை வருவது. செய்தித்தாளில் வராததும் அதுவே. கிராமங்களில் ஃபைபர் இணைப்பைப் பெரும்பாலும் நிறுவனத்தின் பெயரில் உள்ளூர்க் கூட்டாளி ஒருவர், பல இடங்களில் பழைய கேபிள் டிவிக்காரரே, இழுத்துக் கொடுத்துப் பராமரிக்கிறார். அவர் ஒரு நாள் "ஏரியாவைக் கொடுத்துவிட்டேன், இனி அவரைக் கூப்பிடுங்கள்" என்று ஒரு புது எண்ணைத் தருவார். ரௌட்டருக்கு வாங்கிய பணமும் ஆறு மாதத்துக்குக் கட்டிய தொகையும் தனக்குத் தெரியாது என்று புதியவர் சொன்னால், கையில் ரசீது இல்லாதவருக்குப் பதில் சொல்ல வழியில்லை. உங்கள் பில் எந்த உரிமம் பெற்ற நிறுவனத்தின் பெயரில் வருகிறதோ அந்த நிறுவனம்தான் உங்களுக்குப் பொறுப்பு. கூட்டாளி மாறுவது அதன் உள்விவகாரம். எனவே பணத்தைக் கையில் கொடுப்பதை நிறுத்தி, நிறுவனத்தின் சொந்தச் செயலியிலோ இணையதளத்திலோ கட்டத் தொடங்குங்கள். வீட்டுக்கு வந்து வசூலிப்பவரிடம் கொடுப்பது நமக்கு வசதிதான். அந்த வசதிக்கு விலை இப்படிக் கைமாறும்போதுதான் தெரியும்.

அடுத்தது காகிதங்கள். கடைசி ஓராண்டு பில்கள், டெபாசிட் ரசீது, இப்போதைய திட்டத்தின் பெயர், கட்டணம், காலாவதி நாள் ஆகியவற்றைத் தரவிறக்கியோ படமெடுத்தோ மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பிவையுங்கள். பழைய நிறுவனத்தின் செயலி கணக்கு மாறிய மறுநாளே திறக்காமல் போகலாம் என்று வைத்துக்கொண்டு இதைச் செய்ய வேண்டும். பில்லில் தொலைபேசி எண்ணுக்கு அருகில் கணக்கு எண் என்று தனியாக ஒன்று இருக்கும். பலர் அதைக் கவனிப்பதே இல்லை. ஒரே பெயரில் வீட்டுக்கும் கடைக்கும் இணைப்பு வைத்திருப்பவர்களுக்கு, எந்தத் தொகை எதற்குக் கட்டப்பட்டது என்று பிரித்துக் காட்ட அந்த எண்ணே உதவும். ஃபைபர் பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் வரிசை எண்ணையும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டி நீங்கள் விலைக்கு வாங்கியதா, நிறுவனம் பயன்படுத்தக் கொடுத்ததா என்ற தகராறு பின்னால் வரும். தானியங்கிப் பற்று முறையில் வங்கிக் கணக்கிலிருந்து பணம் போய்க்கொண்டிருந்தால், புதிய நிறுவனத்தின் முதல் பில் சரியாக வரும்வரை அதை நிறுத்திவைப்பது நல்லது. இரு நிறுவனங்களும் ஒரே மாதத்துக்குப் பணம் எடுத்தால் திரும்பப் பெறுவது நீண்ட அலைச்சல்.

இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்பதையும் இப்போதே பாருங்கள். 04651, 04652 என்று தொடங்கும் பழைய லேண்ட்லைன்களில் பல இன்னும் இறந்துபோன தாத்தாவின் பெயரிலோ, வெளியூரில் குடியேறிவிட்ட பெரியப்பாவின் பெயரிலோதான் ஓடிக்கொண்டிருக்கின்றன. பில் கட்டும்வரை யாரும் கேட்பதில்லை. நிறுவனம் மாறி, அடையாளச் சரிபார்ப்பு புதிதாகத் தொடங்கும்போது, பெயருக்குரியவர் இல்லாத இணைப்பைத் துண்டிப்பதும் டெபாசிட்டைத் திருப்பித் தர மறுப்பதும் எளிதாகிவிடும். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் ஆகியவற்றுடன் பழைய நிறுவனத்திடமே பெயர் மாற்றத்தை முடித்து, ஒப்புகைச் சீட்டை வாங்கிவையுங்கள். லேண்ட்லைனுக்கு எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றும் வசதி நம் நாட்டில் இல்லை. அந்த வசதி மொபைலுக்கு மட்டுமே. புதிய நிறுவனம் பிடிக்கவில்லை என்று விலகினால், முப்பது ஆண்டாக உறவினர் நாவில் இருக்கும் அந்த எண்ணை விட்டுவிட வேண்டியதுதான்.

மொபைலில் நிலைமை உங்கள் கையில் இருக்கிறது. போர்ட் என்ற சொல்லை ஆங்கிலத்தில் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, உங்கள் பத்து இலக்க எண்ணைச் சேர்த்து 1900க்கு அனுப்பினால், எட்டு எழுத்து கொண்ட ஒரு குறியீடு வரும். தமிழ்நாட்டில் அது நான்கு நாள் செல்லும். அதை எடுத்துக்கொண்டு புதிய நிறுவனத்தின் கடைக்குப் போனால், ஒரே தொலைத்தொடர்பு வட்டத்துக்குள் (தாலுகா அல்ல, பெரும்பாலும் ஒரு மாநிலம்) மூன்று வேலை நாட்களிலும், வேறு வட்டத்திலிருந்து வருவதென்றால் ஐந்து வேலை நாட்களிலும் மாற்றம் முடிய வேண்டும். களியக்காவிளை, கொல்லங்கோடு பக்கத்தில் கேரள எண் வைத்திருப்பவர்கள் தமிழ்நாட்டு வட்டத்துக்கு மாறும்போது இந்த ஐந்து நாள் கணக்கில்தான் வருவார்கள். எண் எடுத்து 90 நாள் ஆகியிருக்க வேண்டும். போஸ்ட்பெய்டு என்றால் நிலுவை இருக்கக் கூடாது. சிம் தொலைந்து மாற்றியிருந்தால் ஏழு நாள் பொறுக்க வேண்டும். ப்ரீபெய்டு இருப்புத் தொகை புதிய நிறுவனத்துக்கு வராது. ஆகவே கைமாற்றப் பேச்சு நடக்கும் காலத்தில் ஓராண்டு ரீசார்ஜ் செய்வதைத் தவிர்த்து, குறுகிய காலத் திட்டத்தையே போடுங்கள்.

வளைகுடா நாடுகளில் வேலை செய்பவர்களின் குடும்பங்கள் இதில் தனிக் கவனம் செலுத்த வேண்டும். வங்கி ஓடிபி வருவதற்காகவே துபாயிலும் குவைத்திலும் ஊர் சிம்மை உயிரோடு வைத்திருப்பவர்கள் ஏராளம். நிறுவனம் நின்றுபோனால், எண்ணை மாற்றிக்கொள்ள ஆதாரோடு கடைக்கு நேரில் வர வேண்டியிருக்கும்; விமானச் சீட்டுப் போட்டு வர முடியாத நேரத்தில் வங்கிக் கணக்கே பூட்டப்பட்டதுபோல் ஆகிவிடும். அப்படிப்பட்ட எண் ஆட்டம் காணும் நிறுவனத்தில் இருந்தால், அடுத்த விடுமுறையிலேயே வேறு நிறுவனத்துக்கு மாற்றுங்கள். வங்கி, ஆதார், கேஸ் பதிவு, ஸ்மார்ட் குடும்ப அட்டை ஆகியவற்றில் எந்த எண் இணைக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி வீட்டில் வைத்திருப்பதும் அவசியம்.

செம்புக் கம்பி லேண்ட்லைனை வைத்திருப்பவர்கள் புதிய நிறுவனத்திடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "இந்தக் கம்பியை வைத்திருப்பீர்களா, ஃபைபருக்கு மாற்றுவீர்களா?" செம்புக் கம்பித் தொலைபேசிக்கு வேண்டிய மின்சாரம் எக்ஸ்சேஞ்சின் பேட்டரியிலிருந்து அந்தக் கம்பி வழியாகவே வருகிறது, வீட்டில் கரண்ட் இல்லாவிட்டாலும் மணி அடிக்கும். ஃபைபர் பெட்டிக்கு வீட்டு மின்சாரம் வேண்டும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் அடித்து, ரப்பர் மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்து, நம் மாவட்டத்தின் பல ஊர்கள் நாள்கணக்கில் இருளில் கிடந்ததை நினைத்தால், மலையோரத்திலும் கடற்கரையிலும் தனியாக இருக்கும் முதியவர்களுக்கு இது சிறிய வேறுபாடு அன்று. ஃபைபருக்கு மாறினால் பெட்டிக்கென்று ஒரு சிறிய யூபிஎஸ் வாங்குங்கள். சில மணி நேரம் தாங்கும் அது ஒக்கி போன்ற நாட்களுக்குப் போதாது என்பதையும் தெரிந்துகொண்டே வாங்குங்கள். பெட்டியில் சிவப்பு விளக்கு மின்னினால் கம்பியில் கோளாறு; எந்த விளக்கும் எரியாவிட்டால் முதலில் மின்சாரத்தைப் பாருங்கள். புகார் கொடுக்கும்போது இதைச் சொன்னாலே பாதிக் கேள்விகள் குறையும்.

கைமாறிய பிறகு கோளாறு வந்தால், கூட்டாளியின் கைப்பேசிக்குப் பேசியதைப் புகாராகக் கருதாதீர்கள். நிறுவனத்தின் புகார் மையத்துக்கு, பெரும்பாலும் 198 என்ற எண்ணுக்கு, அழைத்துப் புகார் எண் வாங்குங்கள். அந்த எண் இல்லாத புகார் சட்டத்தின் கண்ணில் இல்லாததே. பதில் திருப்தி தராவிட்டால் 30 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் கட்டணமின்றி முறையிடலாம். அவர் 39 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். தனிப்பட்ட புகார்களைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் விசாரிப்பதில்லை என்பதால், டெல்லிக்கு மனு அனுப்பிக் காத்திருப்பதில் பயனில்லை. ஒரு மாவட்டம் முழுவதும் 24 மணி நேரத்துக்கு மேல் சேவை முடங்கினால் போஸ்ட்பெய்டுக்கு வாடகைக் கழிவும் ப்ரீபெய்டுக்குக் கால நீட்டிப்பும் தர வேண்டும் என்பது 2024ஆம் ஆண்டு டிராய் விதிகளில் வந்திருக்கிறது. அதைக் குறிப்பிட்டே கேளுங்கள். ஊர் முழுவதும் பாதிக்கப்பட்டிருந்தால் கிராம சபையில் தீர்மானம் போட்டு, நகலை நிறுவனத்துக்கும் நாடாளுமன்ற உறுப்பினருக்கும் அனுப்பலாம். ஆனால் தொலைத்தொடர்பு ஒன்றிய அரசின் கையில் இருப்பதால், மாவட்ட நிர்வாகத்திடமிருந்து அதிகம் எதிர்பார்க்க வேண்டாம்.

அதற்கும் அசையாத நிறுவனத்தின் மீது, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்த பின், நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்குத் தொடுக்கலாம். தொலைபேசி வழக்குகளை நுகர்வோர் ஆணையம் விசாரிக்க முடியாது என்று நிறுவனங்கள் வாதாடிவந்ததை உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தள்ளிவிட்டது. சேவைக்காகச் செலுத்திய தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் இல்லாமலும் நீங்களே வாதாடலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனு கொடுக்க வேண்டும். பழைய நிறுவனம், புதிய நிறுவனம் இரண்டையும் எதிர்மனுதாரர்களாகச் சேர்ப்பது நல்லது, இல்லாவிட்டால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டித் தப்பித்துக்கொள்வார். மனுவுடன் ரசீதுகள், புகார் எண்கள், சேவை இல்லாத நாட்களை எழுதிவைத்த குறிப்பு ஆகியவற்றை இணையுங்கள்.