தரங்கம்பாடிக் கோட்டைக் கரையில் மாசி மாத நடை: செல்வோருக்கு ஒரு வழிகாட்டி

நூல் வழக்கில் இளவேனில் என்பது சித்திரையும் வைகாசியும். மாசியும் பங்குனியும் பின்பனிக் காலத்தைச் சேர்ந்தவை. ஆனால் காவிரியின் கடைமடையில் கடலோரம் நடக்க விரும்புகிறவர் இந்தக் கணக்கை நம்பிச் சித்திரையில் புறப்பட்டால் வெயிலில் வாடிப்போவார். தரங்கம்பாடியில் நடப்பதற்குரிய பருவம் மாசி நடுவில் தொடங்கிப் பங்குனி மூன்றாம் வாரத்துக்குள் முடிந்துவிடுகிறது. மயிலாடுதுறையிலிருந்து செம்பனார்கோவில், ஆக்கூர், திருக்கடையூர் வழியாகக் காரைக்கால் செல்லும் பேருந்தில் வந்தால், சம்பா அறுத்த தாள்களுக்கிடையே உளுந்தும் பயறும் தழைத்து நிற்பதை வழிநெடுகக் காணலாம். அவை காய்த்துப் பழுக்கும் முன் வந்துவிடுங்கள். வேம்பு பூத்து உதிரத் தொடங்கிவிட்டால் காலை எட்டு மணிக்கே கடற்கரை மணல் சுடும்.

ஒரு சித்திரை மாதம் முழங்கால் வலி உள்ள என் அத்தையை முற்பகல் பதினொரு மணிக்கு அங்கே அழைத்துச் சென்றேன். டென்மார்க் நாட்டினரான டேனியர் கட்டிய கோட்டைக்கு முன்னுள்ள திறந்த வெளியைக் கடப்பதற்குள் அவர் களைத்துப்போனார்; எதையும் பார்க்காமல் திரும்பினோம். மறு ஆண்டு மாசியில் விடியலில் சென்றபோது அதே அத்தை மூன்று மணி நேரம் நடந்தார். காலமும் நேரமும் பொருந்தினால் பாதி வேலை முடிந்தது. நாளையும் பார்த்துக்கொள்ளுங்கள்: வெள்ளிக்கிழமை கோட்டையின் அருங்காட்சியகத்துக்கு விடுமுறை.

பெரும்பாலோர் வண்டியை நேராகக் கோட்டை வாசலில் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு அரை மணி நேரத்தில் கிளம்பிவிடுகிறார்கள். கோட்டையைக் கடைசியில் பாருங்கள் என்பதுதான் இந்த நடைக்கு நான் வற்புறுத்திச் சொல்லும் ஒரே விதி. காலை பத்து மணிக்கு முன் உள்ளே போக இயலாது என்பது ஒரு காரணம். கோட்டை எழுவதற்கு முன்னூறு ஆண்டுகளுக்கு முன்பே இங்கே ஊர் இருந்தது என்பது அதைவிடப் பெரிய காரணம்.

ஆகவே காலை ஆறு மணி அளவில் பழைய நகர வாயிலில் இறங்குங்கள். டேனியர் காலத்தில் 1792ஆம் ஆண்டு இன்றைய வடிவில் எடுப்பித்த வெள்ளை வாயில் இது. அதனுள் நுழைந்து, கிங் தெருவில் எங்கும் நிற்காமல் நேராகக் கடலுக்குச் சென்றுவிடுங்கள்; தெருவை நின்று பார்க்கத் திரும்பி வரும்போது நேரம் இருக்கிறது. கடலை அடைந்ததும் வடக்கே திரும்பினால் மாசிலாமணிநாதர் கோயில். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306ஆம் ஆண்டளவில் எழுந்த இக்கோயிலின் கல்வெட்டு இவ்வூரைச் சடங்கன்பாடி என்று குறிக்கிறது. கடல் சிறிது சிறிதாக அரித்து முன்பகுதியை விழுங்கிவிட்ட பிறகு, அண்மைக் காலத்தில்தான் திருப்பணி நடந்தது. கோயிலுக்கு முன் நின்று அலையைப் பாருங்கள். இந்த ஊரில் கடல் எவ்வளவு நிலத்தை எடுத்துக்கொண்டிருக்கிறது என்பது அங்கே நிற்கும்போதுதான் மனத்தில் பதியும்.

அங்கிருந்து கரையோரமாகத் தெற்கே, கோட்டையை நோக்கி நடக்க வேண்டும். கரையைக் காக்கப் போட்டிருக்கும் கருங்கற்களின் மேல் ஏறாதீர்கள். நீர் படும் இடங்களில் பாசி கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெல்லியதாகப் படர்ந்திருக்கும். தோல் செருப்பு உப்புநீரில் கெட்டுவிடும் என்பதால், பின்புறம் வாருள்ள ரப்பர் செருப்பே இந்த நடைக்கு உகந்தது. காற்றையும் கணக்கில் கொள்ளுங்கள். வலையைப் பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் என்னிடம், "சோழகம் ஏறிட்டா மண்ணு கண்ணுக்குள்ள அடிக்கும் தம்பி, இப்பவே நடந்துடுங்க" என்றார். தென்திசைக் காற்றை மீனவர்கள் சோழகம் என்பார்கள். பங்குனியில் அது வலுக்கத் தொடங்குகிறது. வலைகளை மிதிக்காமல் சுற்றிச் செல்வது மரியாதை.

காலைக் கதிர் கோட்டையின் கடல் பக்கத்து மதிலில் நேராக விழும் அந்த ஒரு மணி நேரத்தைத் தவறவிடாதீர்கள். மதிலுக்கு அருகில் சென்று, சுண்ணாம்புப் பூச்சு விட்டுப்போன ஓர் இடத்தை உற்றுப் பாருங்கள். உப்புக் காற்றில் செங்கல் மாவாக உதிர்ந்து உள்வாங்கியிருக்க, கற்களை இணைத்த சுண்ணாம்புச் சாந்து மட்டும் கரையாமல் வெளியே துருத்தி நிற்கும். தேன்கூட்டின் அறைகளைப் போல அந்த வரப்புகள் தெரியும். விரலால் தடவிப் பார்க்கும் ஆசை எழும். தொடாதீர்கள், தொட்டால் இன்னும் சிறிது உதிரும்.

வெயில் ஏறும்போது கிங் தெருவுக்குத் திரும்புங்கள். 1701ஆம் ஆண்டின் சீயோன் ஆலயமும், 1718ஆம் ஆண்டின் புதிய எருசலேம் ஆலயமும் இத்தெருவில் உள்ளன. 1706 ஜூலை 9 அன்று இங்கு வந்திறங்கிய ஜெர்மானியக் கிறித்தவ போதகர் சீகன்பால்க், தாம் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். அவர் முயற்சியால் தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715ஆம் ஆண்டு இவ்வூரில் அச்சாகி முடிந்தது. அச்சுக்கு வேண்டிய காகிதத்தை இங்கேயே செய்ய முயன்ற இடம், பொறையாறு அருகே இன்றும் கடுதாசிப்பட்டறை என்றே வழங்குகிறது. ஓர் ஊர்ப்பெயர் ஒரு தொழிலை முன்னூறு ஆண்டுகளாக நினைவில் வைத்திருப்பது எனக்கு ஒவ்வொரு முறையும் மகிழ்ச்சி தருகிறது. ஆலயத்தில் வழிபாடு நடந்தால் முடியும்வரை வெளியே காத்திருங்கள்.

பத்து மணிக்குக் கோட்டைக்குள் செல்லலாம். தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் 1620ஆம் ஆண்டு உடன்படிக்கை செய்துகொண்டு டேனியர் எழுப்பிய டேன்ஸ்போர்க் இதுதான். ஊரில் டேனிஷ் கோட்டை என்று கேட்டால் எவரும் வழி சொல்வார்கள். 1845இல் இவ்வூரும், வங்காளத்தில் டேனியர் வசமிருந்த செராம்பூரும் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விற்கப்பட்டன. முற்றத்தில் நின்று வெயிலை வாங்காமல், கடல் பக்கத்து இரண்டடுக்கு மாளிகைக்குள் போய்விடுங்கள். ஆளுநர் தங்கியதும் வழிபாடு நடந்ததும் மேல் தளத்தில். சரக்கு அடைத்து வைத்தது கீழ்த் தளத்தில். கீழறைகளின் வளைந்த கூரையின்கீழ் நண்பகலிலும் குளிர்ச்சி நிலவும். முன்பு சுற்றிலும் அகழி இருந்தது. இப்போது அதன் தடம் தெரியவில்லை. அருங்காட்சியகத்தில் உள்ள நாணயங்களுக்கும் பீங்கான்களுக்கும் அரை மணி நேரம் போதும். மீதி நேரத்தை மதிலில் நின்று கடலைப் பார்ப்பதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பன்னிரண்டு மணிக்குள் வெளியே வந்துவிடுங்கள். பங்குனியாக இருந்தால் நுங்கு வந்திருக்கும், மாசியானால் இளநீர். மதியச் சாப்பாட்டுக்குப் பேருந்தில் பக்கத்திலுள்ள பொறையாறு செல்லலாம்.